ஐரோப்பிய நகரங்களில் குறுகிய லேஓவர்: விமானப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினெட்டு மணி நேரம் முதல் முப்பது மணி நேரம் வரை ஐரோப்பிய நகரம் ஒன்றில் இரு பணிகளுக்கு இடையே தங்க நேரும் (இதுதான் லேஓவர்) கேபின் பணியாளர்களுக்கும் விமானிகளுக்கும் இதை எழுதுகிறேன். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுடன் வெளியே போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எங்கே போகலாம் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள், எப்படிப் போவது என்பதைத் தெருவில் நின்று தேடுகிறார்கள், எப்போது திரும்புவது என்பதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் வராது. கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எதுவரை போக அனுமதி என்று கேட்டு வையுங்கள்

சுற்றுலாப் பயணிக்கும் நமக்கும் எல்லையில் ஒரே விதி இல்லை. ஷெங்கன் பகுதியின் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எல்லைச் சட்டத்தில் விமானப் பணியாளர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. விமானி உரிமமோ பணியாளர் சான்றிதழோ வைத்திருப்பவர் பணியின் பொருட்டு விமானத்திலிருந்து இறங்கலாம், ஏறலாம், அந்த விமான நிலையம் அமைந்துள்ள நகராட்சிக்குள் செல்லலாம். வேறொரு விமான நிலையத்திலிருந்து பணிக்குக் கிளம்ப வேண்டியிருந்தால் அங்கே பயணிக்கலாம். அவ்வளவுதான். பணியாளருக்கு விசா விலக்கு தருவதும் தராததும் அந்தந்த நாட்டின் முடிவு.

'நகராட்சி' என்ற அந்தச் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்கிபோல் விமான நிலையம் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் இல்லை, ஹார்லெம்மர்மேர் நகராட்சியில் இருக்கிறது. மிலானின் மல்பென்சா மிலானுக்கு வெகு தொலைவில் வேறு சிற்றூர்களின் எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே விசா இல்லாமல் பணியாளர் ஆவணங்களுடன் மட்டும் போகிறவர்கள், ஊருக்குள் போக அங்கே எந்த அளவுக்கு அனுமதி என்பதைத் தங்கள் நிறுவனத்தின் பணிக்குழுப் பிரிவில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஷெங்கன் விசா வைத்திருந்தாலும் லேஓவரின்போது நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்று பல நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. அதையும் படித்துவிடுங்கள்.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கோபன்ஹேகனிலிருந்து சுவீடனின் மால்மோவுக்குப் பாலத்தின் மேல் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 'ஒரே லேஓவரில் இரண்டு நாடு' என்ற ஆசை இந்த இரண்டு ஊர்களிலும் எல்லோருக்கும் வரும். வண்டி அங்கே நின்றுவிட்டால் மறுநாள் விமானத்துக்கு ஆள் இல்லை. எல்லையில் நிறுத்திக் கேட்டால் சொல்லப் பதிலும் இல்லை.

பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. அங்கே பணியாளராக இறங்குபவர் அதே விமானத்திலோ, ஏழு நாட்களுக்குள் வேறொரு விமானத்தில் பணியாளராகவோ வெளியேற வேண்டும் என்ற தனிச் சட்டம் இருக்கிறது. ஒரு நாட்டில் கிடைத்த அனுமதியை வைத்து இன்னொரு நாட்டைக் கணக்குப் போடாதீர்கள்.

2. பிக்-அப் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை 6.40க்கு விமானம் வந்து நிற்கிறது. குடியேற்றச் சோதனை, பெட்டி, பணியாளர் பஸ் எல்லாம் முடிந்து அறைச் சாவி கைக்கு வரும்போது மணி 8. மறுநாள் காலை 9.30க்கு லாபியில் பிக்-அப், அதாவது விமான நிலையத்துக்கு அழைத்துப் போக வண்டி வரும் நேரம். சாவிக்கும் பிக்-அப்புக்கும் இடையே இருபத்தைந்தரை மணி நேரம். புதியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது பின்னாலிருந்து வாருங்கள். 9.30 பிக்-அப்புக்குக் குளியல், சீருடை, சிற்றுண்டி, பெட்டி அடுக்குதல் எல்லாவற்றுக்குமாக ஒன்றரை மணி நேரம். எழுவது 8 மணிக்கு. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு இரவு 12க்குக் கண் மூட வேண்டும். படுத்தவுடன் தூக்கம் வராது, ஆகவே 11 மணிக்கு அறைக்குள் இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஹோட்டலுக்கு வாசலிலிருந்து வாசல் நாற்பது நிமிடம் என்றால் அதை இரண்டு மடங்காக்குங்கள். ஒரு வண்டி ரத்தானாலும் தாங்கும். 9.40க்கு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

முன்பக்கம்: 8.30 முதல் 12 வரை தூக்கம், 1 மணிக்குக் கிளம்பினால் 1.45க்கு ஊருக்குள். கையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் இருப்பதாகத் தாள் சொல்லும். ஆனால் இரவெல்லாம் விழித்துப் பறந்த உடம்பு மூன்றரை மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு மாலை 7 மணிக்கே தள்ளாடத் தொடங்கிவிடும். கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு ஐரோப்பிய மாலையே உடம்பின் நள்ளிரவு. ஆகவே நான்கு மணி நேரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். மிச்சமிருக்கும் நேரம் தாமதங்களுக்கும், பிடித்த இடத்தில் கூடுதலாக உட்காருவதற்கும்.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் விதிப்படி, தளத்துக்கு (பணியாளரின் சொந்த விமான நிலையத்துக்கு) வெளியே குறைந்தபட்ச ஓய்வு என்பது முந்தைய பணிநேரத்தின் அளவு அல்லது 10 மணி நேரம், இரண்டில் எது அதிகமோ அது. அதற்குள் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் வேறு நாட்டு விதிக்கு உட்பட்டதாக இருந்தால் எண்கள் மாறலாம், நோக்கம் மாறாது. அந்த ஓய்வு அடுத்த விமானத்தின் பயணிகளுக்காகக் கொடுக்கப்படுவது. சாவிக்கும் பிக்-அப்புக்கும் இடையே பதினான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ஊருக்குள் போகாதீர்கள். ஹோட்டலைச் சுற்றி அரை மணி நேரம் நடங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

3. பறப்பதற்கு முன்பே கிழமையும் வெளிச்சமும் பாருங்கள்

ரோஸ்டர் (பணி அட்டவணை) வந்த அன்றே இந்த வேலையை முடித்துவிடலாம். விமானம் இறங்கிய பிறகு களைப்போடு தேடினால் தவறான பதிலே கண்ணில் படும்.

முதலில் கிழமை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும். வீட்டுக்குச் சாக்லேட் வாங்கும் எண்ணம் இருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. வாட்டிகன் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் ஓய்வு நாள்.

மறுபுறம், பகலில் தூங்கியாக வேண்டிய நமக்கு மாலை நேரத் திறப்பு வரம். லூவ்ர் புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும். லண்டனில் தேசிய ஓவியக்கூடம் வெள்ளி இரவு 9 வரையும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெள்ளி இரவு 10 வரையும். இந்த இரண்டிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. நேரம் குறைவாக இருப்பவருக்கு இது பெரிய விஷயம். பணம் கொடுத்து நுழைந்த இடத்தை விட்டு வெளியேற மனம் வராது, இலவசம் என்றால் முக்கால் மணி நேரத்தில் நிம்மதியாகக் கிளம்பலாம்.

முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாத இடங்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் மட்டுமே டிக்கெட். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய நாட்களுக்கான டிக்கெட்டுகளை வெளியிடுகிறார்கள். மாதாந்திர ரோஸ்டரில் வாழ்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் எட்டாது. வாசலில் போய் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பரில் கோபன்ஹேகனில் பிற்பகல் 3.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். லண்டனில் 4 மணிக்குள், ஃபிராங்க்ஃபர்ட்டில் 4.30க்குள். ஜூனில் அதே கோபன்ஹேகனில் இரவு 10 வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் தூங்கி எழுந்து 2 மணிக்குப் பூங்காவுக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். குளிர்கால லேஓவருக்கு அருங்காட்சியகம், சந்தைக் கூடம், தேவாலயம் போன்ற உள்ளரங்குகளைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் அவசரமே வேண்டாம். நன்றாகத் தூங்கி 4 மணிக்குக் கிளம்பினாலும் முழுப் பகல் மிச்சமிருக்கும். ஆனால் அந்த வெளிச்சத்தை நம்பி மணியைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

4. இறங்கியதும் தூங்குங்கள், குறைவாக

இரவுப் பயணம் முடித்து வருபவர் இரண்டு விதமாகத் தவறுகிறார். ஒருவர் உற்சாகத்தில் சீருடையைக் கழற்றிய கையோடு வெளியே ஓடுகிறார். மாலையில் டிராமில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய் எங்கோ போய் இறங்குகிறார். இன்னொருவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏழு மணி நேரம் தூங்குகிறார். இரவு முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்து, பிக்-அப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு அயர்கிறார். இரண்டாமவர் ஊரையும் பார்த்ததில்லை, மறுநாளுக்கான ஓய்வும் கிடைத்ததில்லை.

காலையில் வந்தால் மூன்று முதல் மூன்றரை மணி நேரம் போதும். அலாரத்தைக் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் வையுங்கள். எழுந்ததும் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உள்ளூர் நேரத்தோடு உடம்பை இணைக்க வெளிச்சத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. பகல் விமானத்தில் பிற்பகல் வந்திறங்கியவர் தூங்கவே வேண்டாம். குளித்துவிட்டு நேராகக் கிளம்பலாம். இரவுத் தூக்கம் தானாக வரும்.

5. கிளம்பும் பை, அறையில் விட வேண்டியவை

சீருடையின் எந்த அடையாளமும் வெளியே தெரியக் கூடாது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஊருக்குள் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; எந்த நிறுவனம், எந்த ஹோட்டல் என்று கேட்காமலே சொல்லும் பலகை அது. சமூக ஊடகத்தில் ஹோட்டலின் பெயரோடு படம் போடுவதும் அதே தவறுதான். படத்தை ஊர் திரும்பிய பிறகு போடுங்கள்.

கடவுச்சீட்டு விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி வேறு; சில இடங்களில் அசல் ஆவணம் கையில் இருக்க வேண்டும். நிறுவனம் சொல்வதைப் பின்பற்றுங்கள். எங்கே வைத்தாலும் உரிமம், கடவுச்சீட்டு, அடையாள அட்டை மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பை பறிபோனால் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். அறையின் பாதுகாப்புப் பெட்டியில் ஆவணத்தை வைத்தால், மறுநாள் போட வேண்டிய சீருடைக் காலணிகளில் ஒன்றையும் அதற்குள் வையுங்கள். காலணி இல்லாமல் யாரும் லாபிக்கு வர முடியாது. சிறிய பெட்டியாக இருந்தால் பெயர்ப் பட்டையை வையுங்கள்.

பைக்குள் இருக்க வேண்டியவை: மழைச்சட்டை, தண்ணீர்ப் புட்டி, கைப்பேசிக்கான பவர் பேங்க், ஹோட்டலின் பெயரும் முகவரியும் அச்சிட்ட அட்டை, கொஞ்சம் சில்லறை. ஹோட்டல் அட்டையை வரவேற்பில் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தைச் சுற்றி ஒரே பெயரில் இரண்டு மூன்று ஹோட்டல்கள் இருக்கும். டாக்சிக்காரரிடம் பெயரை மட்டும் சொன்னால் போதாது.

கைப்பேசி இணையத்துக்கும் ஒரு வார்த்தை. 'ஐரோப்பா சிம்' என்று விற்கும் சில திட்டங்களில் சுவிட்சர்லாந்தோ பிரிட்டனோ சேர்வதில்லை. வாங்குமுன் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். ஊரின் வரைபடத்தை ஹோட்டல் வைஃபையிலேயே தரவிறக்கி வையுங்கள்.

6. ரயில்: எந்த நிலையம், எந்தப் பெட்டி, எந்த டிக்கெட்

அதிகமான சறுக்கல் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நிலையத்தில் தொடங்குங்கள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன. ஃபெர்ன்பான்ஹோஃப் நெடுந்தூர ரயில்களுக்கு. ஊருக்குப் போகும் எஸ்8, எஸ்9 புறநகர் வண்டிகள் முதலாம் முனையத்தின் அடியில் உள்ள ரெகியோனால்பான்ஹோஃபில் நிற்கும். கால் மணி நேரத்துக்குள் ஹாப்ட்பான்ஹோஃபை (ஊரின் மைய ரயில் நிலையம்) அடையலாம். பழைய ஊருக்குப் போகிறவர் அங்கே இறங்க வேண்டாம், அதே வண்டியில் ஹாப்ட்வாகெ நிலையம் வரை போங்கள்.

அடுத்து, எந்தத் திசை. கோபன்ஹேகன் விமான நிலைய ரயில் நிலையத்தில் ஒரு பக்கம் ஊருக்குப் போகும் வண்டி, மறுபக்கம் சுவீடன் போகும் வண்டி. தவறி ஏறினால் அடுத்து இறங்குவது பாலத்தைத் தாண்டித்தான். முதல் படியில் சொன்ன அனுமதிச் சிக்கல் இங்கே கண் முன்னால் வந்து நிற்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது மெட்ரோ. எம்2 பாதை விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது, ஆகவே தவறான திசையே கிடையாது. இரவும் பகலும் ஓடும். கால் மணி நேரத்தில் ஊரின் நடுவே கொங்கென்ஸ் நித்தோர்வ் நிலையம்.

மூன்றாவது, எந்தப் பெட்டி. திரும்பி வரும்போது சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். மியூனிக்கில் எஸ்1 வண்டி நோய்ஃபார்ன் நிலையத்தில் பிரிகிறது: பின்பகுதி விமான நிலையத்துக்கு, முன்பகுதி ஃப்ரைசிங் ஊருக்கு. பெட்டியின் வெளிப்புறத் திரையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். அல்லது பிரியாத எஸ்8ஐப் பிடியுங்கள். பாரிஸின் ஆர்இஆர் பி புறநகர் ரயில் பாதை வேறு விதம். வண்டி பிரிவதில்லை, பாதை பிரிகிறது. ஒல்னே-சூ-புவா நிலையத்துக்குப் பிறகு ஒரு கிளை ஷார்ல் டி கோல் விமான நிலையத்துக்கு, மற்றது மித்ரி-க்ளேக்கு. நடைமேடைப் பலகையில் விமானப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, டிக்கெட். ஜெர்மனியில் நுழைவாயில் தடுப்புகள் இல்லாததால் இலவசம்போலத் தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார்; டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஊர் எல்லைக்கு மட்டுமான டிக்கெட்டில் விமான நிலையம் சேர்ந்திருக்கும் என்று நினைப்பவர். முத்திரை குத்த வேண்டிய டிக்கெட்டை அப்படியே பையில் வைப்பவர். இத்தாலியில் காகித டிக்கெட்டுக்கு நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்துவது முக்கியம். ஃபிராங்க்ஃபர்ட்டிலும் மியூனிக்கிலும் ஐந்து பேர் வரை சேர்ந்து பயணிக்கும் குழு நாள் டிக்கெட் இருக்கிறது. மூன்று பேர் கிளம்பினாலே அது லாபம். ஆனால் எல்லோரும் சேர்ந்தே திரும்ப வேண்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

லண்டனிலும் நெதர்லாந்திலும் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். இறங்கும்போதும் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிகக் கட்டணம் பிடிக்கும். நெதர்லாந்தின் சில நிலையங்களில் தடுப்பு இல்லாமல் கம்பம் மட்டும் இருக்கும், மறப்பது அங்கேதான். ஏறும்போது கைப்பேசியைத் தட்டி இறங்கும்போது அட்டையைத் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு இருவர். எதைத் தட்டினீர்களோ அதையே கடைசி வரை தட்டுங்கள்.

வேகம் என்ற பெயரில் அதிக விலை வண்டிக்குப் போகாதீர்கள். வியன்னாவில் சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் 16 நிமிடம், சாதாரண எஸ்7 ஏறக்குறைய 25 நிமிடம். இரண்டும் வீன் மிட்டே நிலையத்துக்கே போகின்றன, கட்டணத்தில் பெரிய வித்தியாசம். ரோமில் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்துக்குப் போகும். டிராஸ்டெவெரே பகுதிக்குப் போகிறவருக்கு அது வேண்டியதில்லை. எஃப்எல்1 வண்டி நேராக அங்கேயே நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அது டெர்மினிக்குப் போகாது.

ஊருக்குள் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று: திரும்பும் வண்டியின் நேரத்தையும் நடைமேடையையும் பலகையிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் பராமரிப்புப் பணிக்காகப் பாதையை மூடுவது ஐரோப்பாவில் வழக்கம். அதன் அறிவிப்பு அங்கேதான் ஒட்டியிருக்கும்.

7. ஒரே ஒரு பகுதி, வட்டமாக நடங்கள்

நான்கு மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை நன்றாகப் பார்க்கலாம். பட்டியல் போட்டு ஓடுகிறவர்கள் நேரத்தின் பாதியைப் பாதாள ரயிலில் கழிக்கிறார்கள். என் முறை, ஒரு நிலையத்தில் இறங்கி வட்டமாக நடந்து அதே நிலையத்துக்கே திரும்புவது. எந்த இடத்தில் நேரம் தீர்ந்தாலும் குறுக்காக வெட்டித் திரும்பிவிடலாம்.

சூரிக் இதற்கு மிகப் பொருத்தம். ஹாப்ட்பான்ஹோஃபில் இறங்கி லிமாட் ஆற்றின் மேற்குக் கரையில் நடந்து லிண்டன்ஹோஃப் மேட்டில் ஏறுங்கள். மரங்களின் கீழே தரையில் வரைந்த பெரிய சதுரங்கப் பலகைகளில் முதியவர்கள் முழங்கால் உயரக் காய்களை இரு கையாலும் தூக்கி நகர்த்திக்கொண்டிருப்பார்கள். சுவரோரம் நின்றால் ஆறும் எதிர்க்கரையில் கிரோஸ்மூன்ஸ்டர் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஒரே பார்வையில் வரும். இறங்கி, பாலத்தைத் தாண்டி, ஏரிக்கரை வரை போய், நீடர்டோர்ஃப் சந்துகள் வழியாக நிலையத்துக்குத் திரும்பலாம். வழியெங்கும் உள்ள நீரூற்றுகளில் குடிநீர் வரும்; புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹாப்ட்வாகெயிலிருந்து கிளைன்மார்க்ட்ஹாலெ சந்தைக் கூடம் (ஞாயிறு விடுமுறை), அங்கிருந்து ரோமர்பெர்க் சதுக்கம், ஐசெர்னர் ஷ்டேக் இரும்பு நடைபாலம். பாலத்தின் நடுவிலிருந்து திரும்பிப் பார்த்தால் தேவாலயக் கோபுரமும் வங்கிக் கட்டடங்களும் சேர்ந்து தெரியும். தென்கரை முழுக்க அருங்காட்சியகங்கள். ஒன்றில் மட்டும் நுழையுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் கூட்டம் முழுவதும் சென்ட்ரால் நிலையத்தின் முன்வாசல் வழியாகப் போகும். நீங்கள் பின்வாசலுக்கு வாருங்கள். அங்கிருந்து ஐ நீர்ப்பரப்பைக் கடக்கும் படகுக்குக் கட்டணம் இல்லை, சில நிமிடங்களில் எதிர்க்கரை. நேரம் மிகக் குறைவாக இருக்கும் நாளில் இந்தப் படகும், திரும்பி வந்து கால்வாய் ஓரமாக ஒரு மணி நேர நடையும் போதும். சிவப்புத் தரை சைக்கிளுக்கானது. புதியவர்கள் படம் எடுக்க அதன் மேல் நின்று திட்டு வாங்காத நாளில்லை.

8. சாப்பாடும் பணமும்

முதல் சாப்பாட்டை வெளியே கிளம்புமுன் ஹோட்டலிலோ பக்கத்துப் பேரங்காடியிலோ முடியுங்கள். பசியோடு ஊருக்குள் போனால் சதுக்கத்தில் இருக்கும் விலை உயர்ந்த உணவகத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். அதோடு, ஐரோப்பாவில் பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே அடுப்பை அணைத்துவிடும். பிற்பகல் தூங்கி எழுந்து வருகிற நமக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் பசிக்கும்.

எல்லா நாட்டிலும் யூரோ கிடையாது. சுவிட்சர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே, செக் குடியரசு, போலந்து, ஹங்கேரி, பிரிட்டன் ஆகியவை சொந்தப் பணம் வைத்திருக்கின்றன. அட்டை இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்திலா உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். சொந்தப் பணம் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கி நிர்ணயிக்கும். அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. சுவீடனில் ரொக்கமே தேவைப்படாது. ஜெர்மனியின் சிறு கடைகளிலும் நிலையக் கழிப்பறைகளிலும் சில்லறை தேவைப்படும்.

9. மதுவுக்குக் கடிகாரம் உண்டு

ஐரோப்பிய விதிப்படி பணிக்கு வர வேண்டிய நேரத்துக்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் மது கூடாது. இந்திய விதியில் பன்னிரண்டு மணி நேரம். நிறுவனங்களின் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். எது கடுமையோ அதுவே உங்களுடையது. ஐரோப்பிய விமான நிலையங்களில் விமானத்தின் அருகிலேயே பரிசோதகர்கள் மூச்சுச் சோதனை செய்கிறார்கள். வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.2 கிராம். மணிக்கணக்கை மட்டும் பார்த்து அளவைப் பார்க்காதவர்கள் இங்கே மாட்டுவார்கள். நிறையக் குடித்தவருக்கு எட்டு மணி நேரம் போதாது. குறுகிய லேஓவரில் வேண்டாம் என்று விட்டுவிடுவதே எளிது.

10. இரவு: அலாரமும் கடிகார மாற்றமும்

அறைக்கு வந்ததும் முதலில் பெட்டியை அடுக்குங்கள், சீருடையைத் தொங்கவிடுங்கள், பிறகு குளியுங்கள். காலையில் செய்யலாம் என்று விட்டதுதான் காலையில் மறக்கும்.

ரோஸ்டரில் நேரம் யுடிசியிலா (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரத்திலா என்று மீண்டும் பாருங்கள். பிக்-அப் நேரத்தை இரண்டிலும் தாளில் எழுதி மேசையில் வையுங்கள். அலாரம் இரண்டு வேண்டும்: ஒன்று கைப்பேசியில், மற்றது ஹோட்டலின் வேக்-அப் கால்.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் ஐரோப்பாவின் கடிகாரங்கள் மாறும். மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே போவதால் உங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். இரண்டாவது படியின் கணக்கை அன்று மறுபடி போட வேண்டும். கைப்பேசி தானாக மாறிவிடும். கைக்கடிகாரமும் அறையில் உள்ள பழைய கடிகாரமும் மாறாது. அந்தச் சனிக்கிழமை இரவு வரவேற்பில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்டு படுங்கள்.

11. ஊருக்குள் மாட்டிக்கொண்டால்

வேலைநிறுத்தம், தண்டவாளத்தில் விபத்து, பனி, எதுவும் வரலாம். வண்டி இருபது நிமிடத்துக்கு மேல் நகரவில்லை என்றால் காத்திருப்பதை நிறுத்திவிட்டு முடிவெடுங்கள். மற்ற பாதை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டாக்சி. நால்வர் பகிர்ந்தால் அந்தச் செலவு தாங்கும். தனியாளாக இருந்தாலும் வேலையைவிட அது மலிவு. ஒரு டாக்சிக்கான தொகையை ஒதுக்கி வைத்துவிட்டே மிச்சத்தைச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தாமதம் உறுதியானால் உடனே பர்சருக்கோ (கேபின் குழுத் தலைவர்) கேப்டனுக்கோ தகவல் சொல்லுங்கள். பயந்து கடைசி நிமிடம் வரை சொல்லாமல் இருப்பதுதான் புதியவர்களின் மிகப் பெரிய தவறு. இரண்டு மணி நேரம் முன்பு தெரிந்தால் நிறுவனம் மாற்று ஏற்பாடு செய்ய முடியும். லாபியில் தலைகளை எண்ணும்போது தெரிந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கிளம்புமுன்பே யார் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகிறவர் அறை எண்ணையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆவணம் தொலைந்தால் முதல் அழைப்பு கேப்டனுக்கு, அடுத்தது நிறுவனத்தின் உள்ளூர் நிலைய மேலாளருக்கு, அதன் பிறகு போலீஸ் புகார். புகாரின் நகல் இல்லாமல் தூதரகத்தில் மாற்று ஆவணத்துக்கான வேலை நகராது. உயிருக்கு ஆபத்து, உடல்நலக் கேடு என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் அதே எண் வேலை செய்யும். பூட்டிய கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம்.